லீவா, ஆப்சென்டா?

ஜீவனஹள்ளி
பெங்களூரு
9 பிப்ரவரி 2025

கிருத்திகா மேடம் அவர்களுக்கு,

எட்டாவது கிராஸ் தெருவிலிருந்து மௌரீன் எழுதுகிறேன். நவம்பரில் என் வீட்டுக்கு வந்து பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து நாற்பத்திரண்டு கேள்வி கேட்டீர்கள். நான் கார்மெண்ட்ஸில் செக்கர். என் மகள் நோரா உங்கள் பேனா மூடியை வாயில் போட்டுக்கொண்டு உங்களைப் பயமுறுத்தினாள். இப்போது ஞாபகம் வந்திருக்கும்.

அன்றைக்கு என்னிடம் கையெழுத்து வாங்கிய தாளின் கடைசி வரியில், ஆய்வு குறித்துக் குறை இருந்தால் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்று உங்கள் காலேஜ் முகவரி போட்டிருந்தது. யாரும் எழுத மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் அதைப் போட்டிருப்பீர்கள். நான் எழுதுகிறேன். ஃபோனில் பேச எனக்கு இஷ்டமில்லை. ஃபோனில் நீங்கள் அழகாகப் பேசுவீர்கள், நான் கத்துவேன், கடைசியில் நான் கத்தினது மட்டும்தான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

வெள்ளிக்கிழமை எங்கள் கிராஸ் குழந்தைகள் காப்பகத்தின் கதவில், அதை நடத்தும் டிரஸ்ட்காரர்கள் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். அதில் இப்படி இருக்கிறது: 'காப்பகம் உள்ள எட்டாவது கிராஸ் தாய்மார்களுக்கும், காப்பகம் இல்லாத மூன்றாவது கிராஸ் தாய்மார்களுக்கும் இடையே வேலைக்குச் செல்லாத நாட்களில் காணப்பட்ட வித்தியாசம் முக்கியமானதல்ல என்று ஆய்வில் தெரியவந்துள்ளது. எனவே மார்ச் 31 உடன் காப்பகம் மூடப்படுகிறது.' கீழே ஆய்வு செய்தவர் என்று உங்கள் பெயர்.

முக்கியமில்லையா? யாருக்கு முக்கியமில்லை?

ஒரு வருஷமாகக் காலை ஏழரைக்கு நோராவை அங்கே ஆயா சௌம்யாவிடம் விட்டுவிட்டு ஃபேக்டரி பஸ் ஏறுகிறேன். என் வீட்டுக்காரர் விக்கி எலெக்ட்ரானிக் சிட்டியில் கேப் ஓட்டுகிறார், நான் கிளம்பும்போது அவர் சில்க் போர்டு டிராஃபிக்கில் நிற்பார். ஃபேக்டரியிலும் குழந்தைகளுக்கென்று ஓர் அறை உண்டு. அதில் பட்டன் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். காப்பகத்தை மூடினால் ஏப்ரல் ஒன்றாம் தேதி நான் வேலையை விட வேண்டும். வேறு வழி இல்லை. எனக்கு மட்டும் இல்லை, எங்கள் கிராஸில் பதினான்கு பேருக்கு இதே கதிதான்.

என் வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போனவர் என்னைப் பற்றி இப்படி எழுதலாமா? பதில் வேண்டும். எழுத்தில்.

மௌரீன்


எலெக்ட்ரானிக் சிட்டி
14 பிப்ரவரி 2025

மதிப்பிற்குரிய மௌரீன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் காலேஜ் அலுவலகத்தில் கொடுத்தார்கள். நான் அக்காவுடன் இங்கே பி.ஜி. விடுதியில் தங்கியிருக்கிறேன். இனி மேலே உள்ள முகவரிக்கே எழுதலாம்.

முதலில் ஒரு விளக்கம். காப்பகத்தை மூடுவது டிரஸ்டின் முடிவு. நான் எம்.ஏ. சமூகவியல் கடைசி வருட மாணவி. டிரஸ்ட் கேட்ட ஆய்வை எங்கள் பேராசிரியர் சந்தானம் ஏற்றுக்கொண்டார், அதையே என் ஆய்வேடாகச் செய்யச் சொன்னார். மூடுங்கள் என்று நான் எங்கும் எழுதவில்லை.

இரண்டாவது, 'முக்கியமானதல்ல' என்பது நீங்கள் நினைக்கிற பொருளில் இல்லை. அது புள்ளியியல் சொல். பாடப்புத்தகத்தில் 'சிறப்புடையதல்ல' என்று இருக்கும். அது இன்னும் புரியாது என்பதால் நான்தான் மாற்றினேன். சென்ற மாதம் எத்தனை நாள் லீவு எடுத்தீர்கள் என்று இரண்டு கிராஸிலும் இருபது இருபது பேரைக் கேட்டேன். உங்கள் கிராஸில் சராசரி 1.2 நாள். மூன்றாவது கிராஸில் 1.6 நாள். வித்தியாசம் இருக்கிறது. ஆனால் காப்பகத்தால் ஒரு மாற்றமும் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், நாற்பது பேரை மட்டும் கேட்கும்போது இந்த அளவு வித்தியாசம் தற்செயலாகவே நூறில் முப்பது தடவை வந்துவிடும். நூறில் ஐந்து தடவைக்கும் குறைவாக இருந்தால்தான் அதைத் தற்செயல் இல்லை என்று சொல்லும் வழக்கம். இதுதான் அந்தச் சொல்லின் பொருள். உங்கள் வாழ்க்கை முக்கியமில்லை என்பது அல்ல.

நாற்பது பேரை வைத்து இதற்கு மேல் உறுதியாகச் சொல்ல முடியாது. உங்களுக்கு ஏற்பட்ட மன வருத்தத்துக்கு வருந்துகிறேன்.

இப்படிக்கு,
இரா. கிருத்திகா


ஜீவனஹள்ளி
18 பிப்ரவரி 2025

கிருத்திகா மேடம்,

மன வருத்தம் இல்லை. கோபம். இரண்டும் வேறு வேறு.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீங்கள் நினைப்பதைவிட எனக்கு நன்றாகவே புரிந்தது, ஏனென்றால் பதினோரு வருஷமாக நான் செய்கிற வேலையே அதுதான். ஐந்நூறு சட்டை உள்ள லாட்டில் ஐம்பதை உருவிப் பார்ப்போம். நாலு கெட்டது கிடைத்தால் மொத்த லாட்டும் திரும்பிப் போகும். ஐம்பதுக்குப் பதிலாக அஞ்சே அஞ்சு சட்டையைப் பார்த்துவிட்டு, கெட்டது ஒன்றும் கிடைக்கவில்லை, அதனால் லாட்டில் கெட்டதே இல்லை என்று நான் சீட்டு எழுதினால் என் வேலை போய்விடும். கிடைக்கவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு. இது லைனில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கும் தெரியும்.

நாற்பது பேரை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது என்று எனக்கு எழுதுகிறீர்கள். அதையே நோட்டீஸில் எழுதியிருக்கலாமே? 'காப்பகத்தால் பலன் உண்டா இல்லையா என்று எங்களால் சொல்ல முடியவில்லை' என்று எழுதியிருந்தால் யாராவது மூடுவார்களா? உங்களுக்குத் தெரியாததை எங்களுக்கு முக்கியமில்லாதது ஆக்கிவிட்டீர்கள்.

இன்னொன்று. எங்கள் லைனில் மூன்றாவது கிராஸ் லாவண்யா இருக்கிறாள். லஞ்சில் உங்கள் கடிதத்தை அவளிடம் காட்டினேன். 1.6 என்பதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "நான் சைபர்னு சொன்னேன். அந்த மாசம் பையனுக்குக் காய்ச்சல், ஆறு நாள் ஆப்சென்ட். லீவு எத்தினி நாள்னு கேட்டா சைபர்தானே சொல்லணும்?" என்றாள்.

உங்கள் ஊரில் எப்படியோ தெரியாது. எங்கள் ஃபேக்டரியில் லீவு என்றால் முன்னாடியே எழுதிக் கொடுத்து, சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டது. சொல்லாமல் கொள்ளாமல் நின்றால் அது ஆப்சென்ட். குழந்தைக்கு எந்தச் செவ்வாய்க்கிழமை காய்ச்சல் வரும் என்று முன்கூட்டி எழுதிக் கொடுக்க முடியுமா? பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்களுக்குத்தான் ஆப்சென்ட் அதிகம். அதை நீங்கள் கேட்கவே இல்லை.

மௌரீன்


எலெக்ட்ரானிக் சிட்டி
23 பிப்ரவரி 2025

மௌரீன் அக்காவுக்கு,

அக்கா என்று எழுதலாமா என்று தெரியவில்லை. பிடிக்காவிட்டால் சொல்லுங்கள்.

கடிதம் வந்த அன்றே என் களக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது கிராஸில் நான்கு பேர் என்னிடம் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். 'லீவா, ஆப்சென்டா?' என்று. லாவண்யாவின் பெயருக்கு எதிரிலும் அது இருக்கிறது. பக்கத்திலேயே என் கையெழுத்தில், 'லீவு மட்டும் சொல்லச் சொன்னேன்' என்று இருக்கிறது. ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், கேள்வித்தாளில் அந்தச் சொல்தான் இருந்தது. எல்லாரையும் ஒரே மாதிரி கேட்க வேண்டும் என்பது எங்களுக்குப் பாடம். எனக்கு தர்மபுரி. எங்கள் வீட்டில் வேலைக்குப் போகாத நாள் எல்லாமே லீவுதான். அந்தச் சொல்லை நான் ஒரு நிமிடம்கூடச் சந்தேகப்படவில்லை.

நாங்கள் படிப்பதில் இரண்டு சொற்கள் உண்டு, நம்பகத்தன்மை, ஏற்புடைமை. எத்தனை தடவை அளந்தாலும் ஒரே விடை வந்தால் நம்பகத்தன்மை. எதை அளக்க நினைத்தோமோ அதையே அளந்தால் ஏற்புடைமை. பரீட்சையில் இதற்கு எனக்குப் பத்துக்குப் பத்து. நாற்பது வீட்டிலும் ஒரே கேள்வியை ஒரே மாதிரி கேட்டேன், நாற்பது வீட்டிலும் தவறானதை அளந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

நேற்று சந்தானம் சாரிடம் குறிப்பேட்டைக் காட்டினேன். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு ஃபீஸ் கட்ட முடியாதபோது பேசி அவகாசம் வாங்கிக் கொடுத்தவர். நிதானமாகக் கேட்டுவிட்டு, எல்லா ஆய்விலும் ஓட்டை உண்டு, 'ஆய்வின் வரம்புகள்' என்ற கடைசிப் பகுதியில் இரண்டு வரி சேர்த்துவிடு, மார்ச் பத்தாம் தேதி சமர்ப்பித்துவிடு என்றார். அந்தப் பகுதியை யாரும் படிக்க மாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பத்தாம் தேதியை விட்டால் அடுத்த வாய்ப்பு செப்டம்பரில்தான். ஜூனில் சேர ஒரு வேலை கிடைத்திருக்கிறது, அதற்குப் பட்டம் வேண்டும்.

இந்த நிலையில் என்னால் செய்ய முடிவது அதிகம் இல்லை, அக்கா. மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கிருத்திகா


ஜீவனஹள்ளி
26 பிப்ரவரி 2025

கிருத்திகா,

அக்கா என்றே கூப்பிடு. ஆனால் அக்கா என்று கூப்பிட்டுவிட்டு முடியாது என்று சொல்வதை நான் கேட்டுக்கொள்ள மாட்டேன்.

இதோடு பதினோரு ஜெராக்ஸ் இருக்கிறது. மூன்றாவது கிராஸ் பெண்களின் அக்டோபர் மாதச் சம்பளச் சீட்டு. லீவுக்கு ஒரு கட்டம், ஆப்சென்டுக்கு ஒரு கட்டம், ஃபேக்டரியே போட்டுக் கொடுத்தது. சம்பளத் தொகையை மட்டும் பேனாவால் அடித்திருக்கிறோம், அது உனக்குத் தேவையில்லை. லாவண்யாவுக்கு ஆறு, இன்னொருத்திக்கு எட்டு. மூன்றுக்குக் குறைந்து யாருக்கும் இல்லை.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? இதைக் கொண்டுபோய் உன் சாரின் மேஜையில் வை. பத்தாம் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

மௌரீன்


எலெக்ட்ரானிக் சிட்டி
2 மார்ச் 2025

அக்காவுக்கு,

சீட்டுகள் வந்தன. பதினோரு சீட்டையும் மேஜையில் பரப்பிப் பார்த்தேன். அவற்றை நான் பயன்படுத்தப் போவதில்லை.

கடிதத்தைக் கீழே போடாமல் முழுக்கப் படியுங்கள். அந்தப் பதினோரு பேரை நீங்கள் எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்? நிறைய நாள் ஆப்சென்ட் ஆனவர்களாகப் பார்த்துத்தானே வாங்கினீர்கள்? மீதி ஒன்பது பேர் எங்கே? அவர்களில் இரண்டு பேருக்கு மாமியார் வீட்டிலேயே இருக்கிறார், ஒரு நாளும் நிற்காதவர்களாக இருக்கலாம். அவர்களை விட்டுவிட்டு இந்தப் பதினோரு பேரை மட்டும் காட்டினால், நான் முதலில் செய்தது தெரியாமல் செய்த தவறு, இது தெரிந்தே செய்யும் தவறு. டிரஸ்ட்காரர்கள் முதல் கேள்வியே இதைத்தான் கேட்பார்கள். அதோடு உங்கள் கட்சி தீர்ந்தது.

எனக்கு நாற்பது சீட்டும் வேண்டும். மூன்றாவது கிராஸில் நான் கேட்ட அதே இருபது பேர். உங்கள் கிராஸிலும் அதே இருபது பேர், ஏனென்றால் உங்கள் பக்கமும் ஆப்சென்ட் இருக்கும். கொடுக்க மறுப்பவர்களை வற்புறுத்தக் கூடாது. ஆனால் எத்தனை பேர் மறுத்தார்கள் என்று எழுத வேண்டும். பட்டியல் என்னிடம் இருக்கிறது. வீட்டுக்கு வீடு நானே வருகிறேன். நீங்கள் கூட வந்தால் கதவு திறப்பார்கள்.

இது உங்களுக்குப் பாதகமாகவும் முடியலாம். எண்ணிப் பார்த்தபின் வித்தியாசம் இல்லை என்று வந்தால் அதையும் நான் எழுதுவேன். அதற்குச் சம்மதம் என்றால் மட்டும் சொல்லுங்கள்.

பத்தாம் தேதி நான் சமர்ப்பிக்கப் போவதில்லை. சாரிடம் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அக்கா, அதாவது என் சொந்த அக்கா, மூன்று நாளாக என்னோடு பேசுவதில்லை. தவறு என்று தெரிந்த ஒன்றுக்கு அடியில் என் பெயரைப் போட்டுப் பட்டம் வாங்க எனக்கு மனமில்லை. இதில் நான் பெருமைப்பட எதுவும் இல்லை. பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

கிருத்திகா


ஜீவனஹள்ளி
16 மார்ச் 2025

கிருத்திகா,

உன் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போடலாம் என்றுதான் நினைத்தேன். எங்கள் பக்கம் வந்துவிட்டாய் என்று நம்பி லஞ்சில் எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். மூக்கை உடைத்துவிட்டாய்.

அன்றைக்கு ஃபேக்டரியில் சரக்கு வாங்குகிற பையர் கம்பெனியின் ஆள் சோதித்துப் பார்க்க வந்தான். எங்கள் சூப்பர்வைசர் எப்போதும் செய்கிற வேலைதான், நல்ல பீஸாகப் பார்த்துப் பெட்டியின் மேலே அடுக்கி வைத்திருந்தார். அந்த ஆள் மேலே இருப்பதைத் தொடவே இல்லை. கையை அடிவரை விட்டு உருவினான். எனக்குச் சுருக்கென்றது. சூப்பர்வைசரை எத்தனை தடவை கேவலமாகப் பேசியிருக்கிறேன். பதினோரு சீட்டு அனுப்பும்போது நான் செய்ததும் அதே வேலை. இதை உன்னிடம் ஒத்துக்கொள்ளக் கஷ்டமாக இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன்.

ஒன்பதாம் தேதியும் இன்றும் நாம் நடந்த நடைக்கு என் கால் இன்னும் வலிக்கிறது. உனக்கும் வலிக்கட்டும். நீ பஸ் பிடிக்கப் போன பிறகு நடந்ததை எழுதுகிறேன். பாக்கியிருந்த மூன்று வீட்டில் இரண்டு பேர் கொடுத்தார்கள். அந்த மூன்றாவது ஆள் கதவைத் திறக்கவில்லை. ஆகமொத்தம் எங்கள் கிராஸில் பத்தொன்பது, மூன்றாவது கிராஸில் பதினெட்டு. வராத மூன்று பேரில் ஒருத்தி சொந்த ஊருக்கே போய்விட்டாள், ஒருத்தி சீட்டைத் தொலைத்துவிட்டாள், ஒருத்திக்கு என்னைப் பிடிக்காது. மூன்றையும் அப்படியே எழுதிக்கொள்.

எங்கள் கிராஸ் சீட்டில் ஒன்றை நீ கவனித்தாயா? கடைசி வீட்டுக்காரி, குழந்தை காப்பகத்தில்தான் இருக்கிறது, அப்படியும் ஒன்பது நாள் ஆப்சென்ட். அவள் கணவருக்கு ஆபரேஷன். அந்தச் சீட்டை என் கையில்தான் கொடுத்தாள். நீ அப்போது பக்கத்து வீட்டில் இருந்தாய். மடித்து பிளவுஸுக்குள் வைத்திருந்தால் உனக்குத் தெரிந்திருக்காது. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன். பிறகு மற்ற சீட்டுகளோடு சேர்த்தேன். என்னை நீ சந்தேகப்படக் கூடாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நாளைக்கு யார் வந்து அடிவரை கையை விட்டு உருவினாலும் நான் நிமிர்ந்து நிற்க வேண்டும்.

முப்பத்தொன்றுக்கு இன்னும் பதினைந்து நாள்தான். சீக்கிரம் கணக்குப் போடு.

மௌரீன்


எலெக்ட்ரானிக் சிட்டி
29 மார்ச் 2025

அக்காவுக்கு,

முதலில் விஷயம். முப்பத்தொன்றாம் தேதி காப்பகத்தை மூடப் போவதில்லை. செவ்வாய்க்கிழமை நோராவை வழக்கம்போல் கொண்டுபோய் விடுங்கள்.

லீவையும் ஆப்சென்டையும் சேர்த்து எண்ணினேன். உங்கள் கிராஸில் சராசரி 1.9 நாள், அந்த ஒன்பது நாள் சீட்டையும் சேர்த்துத்தான். மூன்றாவது கிராஸில் 4.4 நாள். காப்பகத்தால் பலனே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வருவது நூறில் ஒரு தடவைகூட இல்லை. மூன்று பேரின் சீட்டு இல்லை என்பதையும் காரணத்தோடு எழுதினேன். அந்த மூவரும் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் முடிவு மாறாது என்பதையும் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

வியாழக்கிழமை டிரஸ்ட் அலுவலகத்தில் கூட்டம். சந்தானம் சார் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தார். டிரஸ்டின் ஒருங்கிணைப்பாளர் சாய்கிருஷ்ணா, முதல் அறிக்கையைப் பொய் என்கிறாயா என்று கேட்டார். பொய் இல்லை, தவறு, என் தவறு, தவறான சொல்லைக் கேட்டேன் என்றேன். மாணவியின் தவறுக்காக ஒரு முடிவை மாற்ற முடியாது என்றார் அவர். அப்போது சார் சொன்னார், "தப்பு அவளோடது மட்டும் இல்ல. அந்தக் கேள்வித்தாள்ல கையெழுத்துப் போட்டவன் நான். நானும் லீவுன்னா லீவுதான்னு நெனச்சேன்." அதற்குப் பிறகுதான் சாய்கிருஷ்ணா என் புதிய கணக்கை வாங்கிப் புரட்டினார்.

புதிய நோட்டீஸை இதோடு வைத்திருக்கிறேன். 'முன்பு ஒட்டிய அறிவிப்பில் உள்ள முடிவு தவறானது. வேலைக்குச் செல்லாத நாட்கள் அதில் சரியாக எண்ணப்படவில்லை' என்று தொடங்கும். 'முக்கியம்' என்ற சொல் அதில் எங்கும் இல்லை. பழையதை நீங்களே கிழிக்கலாம்.

இனி கசப்பான பகுதி. டிரஸ்ட் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. முப்பத்தேழு பேர் போதாது, இன்னும் ஒரு வருடம் பெரிய ஆய்வு நடத்த வேண்டும் என்கிறார்கள். அதுவரை எட்டாவது கிராஸ் காப்பகம் தொடரும். மூன்றாவது கிராஸ் குழந்தைகளைச் சேர்க்கக் கூடாது. ஒன்றுக்குக் கொடுத்து இன்னொன்றுக்குக் கொடுக்காமல் இருந்தால்தான் ஒப்பிட முடியும். அப்படிக் கொடுக்காமல் வைத்திருப்பவர்களுக்குப் பெயர் கட்டுப்பாட்டுக் குழு. முறைப்படி அவர்கள் சொல்வது தவறு இல்லை. நானே பாடத்தில் அப்படித்தான் எழுதுவேன். ஆனால் அந்தப் பதினெட்டு வீட்டிலும் உட்கார்ந்து சீட்டு வாங்கியபின் எனக்கு அது சரியாகப் படவில்லை. கூட்டத்தில் அதைச் சொல்லாமல் வந்துவிட்டேன். கிடைத்ததும் போய்விடுமோ என்று பயந்தேன். அவர்களுக்கு டிரஸ்டே கடிதம் அனுப்புகிறது. லாவண்யா அக்காவிடம் நீங்கள் எப்படிச் சொல்வீர்கள் என்று தெரியவில்லை.

ஜூன் வேலை போய்விட்டது. செப்டம்பரில் சமர்ப்பிக்கிறேன்.

கிருத்திகா


ஜீவனஹள்ளி
13 ஏப்ரல் 2025

கிருத்திகா,

இன்று குருத்தோலை ஞாயிறு. சர்ச்சிலிருந்து வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நோரா குருத்தோலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறாள். பழைய நோட்டீஸைக் கிழித்தாயிற்று. நான் கிழிக்கவில்லை, சௌம்யா கிழித்தாள், ஒரு வருஷமாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவளுக்குத்தான் அந்த உரிமை.

லாவண்யாவிடம் எப்படிச் சொல்வது என்று நீ கேட்டிருந்தாய். நான் சொல்லவே தேவைப்படவில்லை. டிரஸ்ட் கடிதம் மூன்றாவது கிராஸில் வீட்டுக்கு வீடு வந்தது. ஒரு பக்கம் கன்னடம், மறு பக்கம் தமிழ். 'நீங்கள் இன்னும் ஓராண்டு காலத்துக்குக் கட்டுப்பாட்டுக் குழுவாகத் தொடர்வீர்கள். ஒத்துழைப்புக்கு நன்றி.' அதை லஞ்சில் விரித்து வைத்துக்கொண்டு லாவண்யா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"யாரு கட்டுப்பாட்டுல?"

நீ எழுதிய விளக்கத்தைச் சொன்னேன். அவர்களுக்குக் கொடுக்காமல் இருந்தால்தான் எங்களுக்குக் கொடுத்ததன் பலன் தெரியும் என்று. சொல்லச் சொல்ல என் வாய்க்கே அது பிடிக்கவில்லை. என்னைக் காப்பாற்றிய சீட்டில் பாதி அவர்களுடையது. மாதம் நாலு நாள் போகிறது என்று எழுத்தில் நிரூபித்தவர்களே இன்னும் ஒரு வருஷம் அதே நாலு நாளை விட வேண்டும், எதற்கு, மறுபடியும் நிரூபிக்க. லாவண்யா என்னைத் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு நோராவோடு காப்பகத்துக்குப் போனேன். வாசலில் மூன்றாவது கிராஸ் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பதிமூன்று பேர். ஒவ்வொருத்தி கையிலோ இடுப்பிலோ ஒரு பிள்ளை, பையில் பால் பாட்டில், மாற்று உடுப்பு. முன்னால் லாவண்யா, கூடவே அவள் பையன் தருண். சௌம்யா கதவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் எங்கள் கிராஸ் பெண்களைப் பார்த்தேன். இடம் போதாது என்று ஒருத்தி முணுமுணுத்தாள், அது உண்மைதான், ஒரே அறை. நான் நோராவின் பாயை இரண்டாக மடித்துப் போட்டேன். அதற்குப் பிறகு மற்றவர்களும் மடித்தார்கள். சௌம்யா கதவை விட்டு விலகினாள்.

பத்து மணிக்கு சாய்கிருஷ்ணா வந்தாராம். நாங்கள் வேலைக்குப் போய்விட்டோம், லாவண்யா மட்டும் அன்றைக்கு வேண்டுமென்றே நின்றுவிட்டாள். லீவு எழுதிக் கொடுத்தே நின்றாள், அதையும் குறித்துக்கொள். இப்படிச் செய்தால் ஆய்வே கெட்டுவிடும், ஒப்பிட ஆள் இல்லாமல் போய்விடும் என்று அவர் சொல்லியிருக்கிறார். லாவண்யா சொன்னதை சௌம்யா எனக்கு அப்படியே சொன்னாள்.

"எங்க அக்டோபர் மாச சீட்டு உங்ககிட்டதான் சார் இருக்கு. வர்ற அக்டோபர் சீட்டையும் தர்றோம். அதையும் இதையும் வெச்சு ஒப்பிட்டுக்குங்க. எங்க பிள்ளைங்கள வெளிய வெச்சுத்தான் கணக்கு வரும்னா, அந்தக் கணக்கு எங்களுக்கு வேணாம்."

அப்படி ஒப்பிடலாமா என்று உன் சாரிடம் கேட்டுச் சொல். ஒப்பிட முடியாது என்றாலும் பிள்ளைகள் போகப் போவதில்லை. ஒரு வாரமாக ஒரே அறையில் இருபத்தேழு பிள்ளைகள், இரண்டாவது ஆயாவைப் போடுங்கள் என்று இரண்டு கிராஸும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு டிரஸ்டுக்கு அனுப்பியிருக்கிறோம். இன்னும் பதில் இல்லை. மூட வந்தால் பார்த்துக்கொள்கிறோம்.

செப்டம்பரில் நீ சமர்ப்பிக்கும் புத்தகத்தில் கட்டுப்பாட்டுக் குழு என்ற வார்த்தை வேண்டாம். அந்த இடத்தில் வேறு என்ன எழுதுவது என்று லாவண்யாவைக் கேட்டேன்.

"மூணாவது கிராஸ்னு எழுதச் சொல்லு" என்றாள்.

மௌரீன்